அமெரிக்கப் படை அதிகாரி ஒருவரின் பணி வரலாற்றைப் படிக்கும் முறை: கஸ்டரை முன்வைத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் படை அதிகாரி ஒருவரைப் பற்றி எழுதப் புகுவோர், அவர் பெயருக்கு முன் நிற்கும் 'ஜெனரல்' என்ற பட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே மனிதர் ஒரே நாளில் மூன்று பதவிகளை வகித்திருக்கலாம்: நிரந்தரப் படையில் ஒன்று, உள்நாட்டுப் போருக்காக (1861–65) திரட்டப்பட்ட தன்னார்வப் படையில் ஒன்று, 'பிரெவெட்' எனப்பட்ட கௌரவப் பதவி ஒன்று. ஆகவே முதலில் ஒரு தாளில் மூன்று பத்திகளை வரைந்து, கிடைக்கும் ஒவ்வொரு நியமனத்தையும் உரிய பத்தியில் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரியும், 1876இல் பழங்குடியினருடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் மாண்டவருமான ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டரை இப்படிப் பிரித்துப் பார்த்தால் அவர் வாழ்க்கையே வேறாகத் தெரிகிறது. 1861இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் 34 பேர் கொண்ட வகுப்பில் கடைசி இடம் பெற்றுத் தேறிய அவர், 1863 ஜூன் 29 அன்று, 23 வயதில், தன்னார்வப் படையின் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்; நிரந்தரப் படையிலோ அன்று வெறும் லெப்டினன்ட். 1865இல் தன்னார்வப் படையின் மேஜர் ஜெனரலாக உயர்ந்தவர், 1866 பிப்ரவரியில் அப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டதும் மீண்டும் கேப்டனானார். இது தண்டனை அன்று. போர் முடிந்ததும் பல அதிகாரிகளுக்கு நேர்ந்ததே. இதைப் பதவியிறக்கம் என்று எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். அதே ஆண்டு ஜூலையில் புதிதாக உருவான ஏழாம் குதிரைப்படைக்கு அவர் லெப்டினன்ட் கர்னலாக நியமிக்கப்பட்டார். இறக்கும்வரை அவருடைய நிரந்தரப் பதவி அதுதான்.

பிரெவெட் பத்தியில் 1865 மார்ச் 13 என்ற தேதியைக் கண்டால் நிதானியுங்கள். அந்த ஒரே தேதியிட்டு ஏராளமானோருக்குக் கௌரவப் பதவிகள் வழங்கப்பட்டதால், அன்று ஏதோ பெரும் போர் நடந்ததாக எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, பதவிப் பட்டியல் மௌனம் காக்கும் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். 1867இல் அனுமதியின்றிப் படையை விட்டுச் சென்றது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக இராணுவ நீதிமன்றம் கஸ்டரைப் பதவியிலிருந்தும் ஊதியத்திலிருந்தும் ஓராண்டு விலக்கிவைத்தது. ஆனால் பதவிப் பத்தியில் எந்த மாற்றமும் இராது. இதற்கு வழக்கு ஆவணங்களோடு, கோட்டைகளும், ஏழாம் குதிரைப்படை போன்ற ரெஜிமென்ட்களும் மாதந்தோறும் அனுப்பிய அறிக்கைகளையும் பார்க்க வேண்டும். எந்த அதிகாரி பணியிடத்தில் இருந்தார், யார் எதற்காக வெளியே சென்றிருந்தார் என்பதை அவை பெயரிட்டுச் சொல்கின்றன. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் ஒரு லெப்டினன்ட் கர்னல் ஏழாம் குதிரைப்படையை நடத்திச் சென்றது ஏன் என்ற கேள்விக்கும் விடை அந்த வழியில்தான் உள்ளது: அதன் தலைமை அதிகாரியான கர்னல் சாமுவேல் ஸ்டர்ஜிஸ் அப்போது வேறிடத்துப் பணியில் இருந்தார்.