தையல் மெஷின் இல்லாமல் ஒரு டூட்டு

பள்ளி ஆண்டு விழாவுக்கு பாலே நடனத்துக்குப் போடும் நெட் பாவாடையான டூட்டு வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் வாடகைக்கு அலையாதீர்கள், புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் போய் விறைப்பான நெட் துணி 6 மீட்டரும் ஒரு இன்ச் எலாஸ்டிக்கும் வாங்கி வந்தால் ஆறு வயசுப் பிள்ளைக்குப் போதும்.

முதலில் நீளம். 1832-இல் பாரிஸில் பாலே நடனக் கலைஞர் மாரி தக்லியோனி 'லா சில்ஃபீட்' என்ற பாலேயை ஆடியபோது பாவாடை முழங்காலுக்குக் கீழே மணி போல இறங்கியது. கால் அசைவு நன்றாகத் தெரியட்டும் என்றுதான் பின்னால் அது குட்டையாகி, தட்டு மாதிரி விரிந்தது. தட்டு வடிவம் வீட்டில் நிற்காது. மணியே போதும்.

எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட 2 இன்ச் குறைத்து வெட்டி, முனைகளைக் கையால் தைத்து, ஒரு குடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். நெட்டை 6 இன்ச் அகலத்தில், வேண்டிய நீளத்துக்கு இரண்டு மடங்கும் கொஞ்சம் கூடுதலுமாகப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்து எலாஸ்டிக்கில் முடிச்சுப் போட்டு, இடைவெளி தெரியாமல் நெருக்கிக்கொண்டே போங்கள். உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம், நம் ஊர் வியர்வைக்கு நெட் குத்தும்.

அப்புறம், தீ. 1862-இல் பாரிஸில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற பாலே நடனக் கலைஞரின் பாவாடையில் மேடை காஸ் விளக்குத் தீ பற்றியது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். குத்துவிளக்கு எரியும் மேடையில் பிள்ளையைத் தள்ளியே நிற்க வையுங்கள்.