மன்சனாரெஸ் எல் ரெயால்: கோட்டைக்கும் கருங்கல் மலைக்கும் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வண்டி கிளம்பும் முன்பே நடந்துவிடுகிறது. வழிகாட்டிச் செயலியில் ‘மன்சனாரெஸ்’ என்று மட்டும் தட்டினால் மாட்ரிட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 175 கிலோமீட்டர் தள்ளி, லா மான்ச்சா சமவெளியில் இருக்கும் வேறொரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். அங்கேயும் ஒரு கோட்டை இருப்பதால் படத்தைப் பார்த்துக்கூடச் சட்டென்று சந்தேகம் வராது. நீங்கள் போக வேண்டிய ஊர் மாட்ரிட்டுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில், குவாதர்ராமா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. ‘மன்சனாரெஸ் எல் ரெயால்’ என்று முழுப்பெயரையும் தட்டுங்கள். பேருந்தில் போவதானால் மாட்ரிட்டின் பிளாசா தெ காஸ்டில்யா நிலையத்தில் 724ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும்.

இந்த 50 கிலோமீட்டர்தான் மற்ற தவறுகளுக்கும் காரணம். நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பூங்காவுக்குப் போவதுபோல எண்ணி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் துணிச் செருப்புமாகக் கிளம்பி வருகிறார்கள். ஊருக்குப் பின்னால் எழுந்து நிற்கும் லா பெட்ரிசா அப்படிப்பட்ட இடமல்ல. 2013இல் அறிவிக்கப்பட்ட குவாதர்ராமா தேசியப் பூங்காவுக்குள் அடங்கிய பெரும் பாறைக்காடு அது. அதன் அடையாளச் சிகரமான எல் யெல்மோவின் உயரம் 1,717 மீட்டர். ஊரே 900 மீட்டரில் இருப்பதால் ஏற வேண்டியது 800 மீட்டர்தானே என்று தோன்றும். பெட்ரிசாவில் உயரக் கணக்கு உதவாது. காலடியில் இருப்பது என்ன கல், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் நடையைத் தீர்மானிக்கும்.

வண்டியை எங்கே விடுவது

மலைக்குள் போகும் சாலையில் ஒரு தடுப்பு உண்டு. அதைத் தாண்டி ஒரு சிறு கணவாயைக் கடந்தால் கான்டோ கொச்சீனோ என்ற நிறுத்துமிடம் வரும். உள்ளே விடும் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. அது நிறைந்ததும் தடுப்பை இறக்கிவிடுவார்கள். வார இறுதியில் ஒன்பது, பத்து மணிக்கு வந்து நின்று ஏமாறுகிறவர்கள் ஏராளம். எட்டு மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாமல், ஊரில் முறையான இடத்தில் வண்டியை விட்டுவிட்டு எல் டிராங்கோ என்ற ஊர்க்கோடிப் பகுதியிலிருந்து நடந்து ஏறுங்கள். சாலையோரத்தில் இரண்டு சக்கரத்தைப் புல்லில் ஏற்றி நிறுத்தினால் அபராதம் வரும். அதோடு மீட்பு வண்டிக்கும் வழி அடைபடும். எல் டிராங்கோவிலிருந்து ஆற்றை ஒட்டியே கான்டோ கொச்சீனோ வரை பாதை இருக்கிறது. ஒரு மணி நேர நடை. தடுப்பில் காத்துக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கருங்கல்லைப் புரிந்துகொள்ளாமல் நடப்பது

கருங்கல் என்றதும் நமக்குக் கறுப்பு நிறம் நினைவுக்கு வரும். இங்கே அது இளஞ்சிவப்பு. மாலை வெயிலில் செங்கல் நிறத்துக்கு மாறும். பூமிக்கடியில் இறுகிய கல், விரிசல்களின் வழியே இறங்கிய நீரால் மூலைகள் தேய்ந்து, யானை முதுகும் கவிழ்த்த பானையும் போல உருண்டு நிற்கிறது. அழகுக்குக் காரணமான இந்தத் தேய்மானமேதான் ஆட்களை விழவைக்கிறது.

ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். கல் உப்பு அளவில் கண்ணாடிபோல மினுங்கும் துகள்கள் இருக்கும். கருங்கல்லில் உள்ள மற்ற கனிமங்கள் சிதைந்து கரைந்துபோக, கரையாமல் நின்ற படிகக்கல் துகள்கள் அவை. சாய்வான கெட்டிப் பாறைமேல் இவை ஒரு படலமாகப் பரவிக் கிடக்கும்போது காலுக்குக் கீழே உருளைகளாகிவிடுகின்றன. ஏறும்போது தெரியாது. இறங்கும்போது குதிகாலை ஊன்றிய நொடியில் கால் முன்னால் ஓடும். பெட்ரிசாவில் கணுக்கால் சுளுக்கும் மணிக்கட்டு முறிவும் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கின்றன. மலை உச்சியில் அல்ல, சாதாரணப் பாதையில், களைத்துத் திரும்பும் கடைசி ஒரு மணி நேரத்தில்.

இறங்கும்போது குதிகாலை அழுத்தாதீர்கள். பாதம் முழுவதையும் தட்டையாக வையுங்கள். எடுத்துவைக்கும் எட்டு குறுகியதாக இருக்கட்டும், முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். மணல் படர்ந்த பாறையில் கால் வைக்கும் முன் அடிப்பாகத்தால் ஒருமுறை துடைத்துத் தள்ளிவிடுங்கள். ஒரு நொடிதான் ஆகும்.

மணல் இல்லாத வெறும் சாய்பாறையில் இன்னொரு தவறு நடக்கிறது. பயத்தில் உடம்பைப் பாறையோடு சாய்த்து, கையால் தடவிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். உடல் உள்ளே சாயச் சாயக் காலின் எடை பாறையைக் கீழ்நோக்கி அழுத்தாமல் வெளிப்பக்கம் தள்ளும். பிடிப்பு போய்விடும். நிமிர்ந்து நின்றால் எடை நேராகக் காலுக்கு இறங்கும். காய்ந்த கருங்கல்லின் சொரசொரப்பு மெத்தென்ற ரப்பர் அடிப்பாகத்தை அப்படியே பற்றிக்கொள்ளும். தேய்ந்த ஓட்டக் காலணியும் கெட்டி அடிப்பாகம் கொண்ட தோல் காலணியும் இங்கே ஒன்றுதான், இரண்டுமே சறுக்கும்.

பாறையில் மேலிருந்து கீழே கறுப்பாக ஓடும் கோடுகளை மிதிக்காதீர்கள். மழைநீர் வழிந்து வழிந்து பாசி படிந்த தடம் அது. ஈரமானால் சோப்புதான். மழை நின்றாலும் வெயில் படும் பக்கம் காயும்வரை பொறுங்கள். நிழல் பக்கத்துப் பாறை அன்று முழுவதும் காயாமலே இருக்கலாம்.

யெல்மோ பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். அதன் அடியில் உள்ள புல்வெளி வரை நடந்தே போகலாம். ஊரிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேர ஏற்றம். உச்சிக்கு அப்படிப் போக முடியாது. எளிய வழி என்று சொல்லப்படுவதும் வடக்குப் பக்கத்தில் ஓர் இடுக்கில் உடம்பை நுழைத்துக் கையும் காலும் ஊன்றி ஏறுவதுதான். முன்னால் நாலு பேர் ஏறுகிறார்கள் என்று பின்னாலேயே ஏறிவிட்டு, மேலே போய்க் கீழே பார்த்து உறைந்துபோகிறார்கள். ஏறும்போது கண் பிடிமானத்தைப் பார்க்கிறது. இறங்கும்போது காலுக்குக் கண் கிடையாது. திரும்பி இறங்க முடியும் என்று உறுதியாகத் தெரியாத எந்தப் பாறையிலும் ஏறாதீர்கள். புல்வெளியிலிருந்து பார்த்தாலே யெல்மோவின் முழு வடிவமும் கண்ணை நிறைக்கும்.

கற்குவியலை நம்பிப் போவது

பெட்ரிசாவில் வழி தவறுவதற்குக் காடு காரணமில்லை, பாறைகள் காரணம். இரண்டு பாறைக்கு நடுவே நுழைந்தால் முன்னால் இன்னும் மூன்று இடைவெளி தெரியும். மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். அங்கே ஒரு சிறு கற்குவியல் கண்ணில் பட்டதும் பாதை கிடைத்துவிட்டது என்று நிம்மதி வந்துவிடுகிறது. ஸ்பெயின்காரர்கள் இதை ‘ஈத்தோ’ என்பார்கள். சிக்கல் என்னவென்றால், இங்கே மலையேறிகள் தங்கள் ஏறுபாறைக்குப் போகும் வழியையும் இதே கற்குவியல்களால்தான் குறித்துவைத்திருக்கிறார்கள். அவற்றைப் பின்பற்றினால் ஒரு செங்குத்துச் சுவரின் அடியில் போய் நிற்பீர்கள்.

முறையான நடைபாதைகளில் பாறையிலும் மரத்திலும் மஞ்சளும் வெள்ளையுமாக இரட்டைக்கோடு தீட்டியிருப்பார்கள். நீண்டதூரப் பாதைக்குச் சிவப்பும் வெள்ளையும். அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். பத்து நிமிடமாக வண்ணக்குறி எதுவும் தென்படவில்லை என்றால் முன்னேறாதீர்கள். கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்கே திரும்புங்கள். குறுக்கே இறங்கிவிடலாம் என்று ஹாரா புதருக்குள் நுழைகிறவர்கள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். பிசுபிசுப்பான இலை கொண்ட அந்தப் புதர் ஆளுயரம் வளரும். உள்ளே போனால் தரை தெரியாது, காலுக்கடியில் பாறைப் பள்ளம் இருப்பதும் தெரியாது. கோடையிலும் முழுக்கால் சட்டை போடச் சொல்வது இதற்காகத்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு நல்ல வழி கான்டோ கொச்சீனோவிலிருந்து ஹினேர் தெ லோஸ் ரியோஸ் மலைவிடுதி வரை போவது. ஓடையை ஒட்டிய அகலப் பாதை, முக்கால் மணி நேரம். ஊர்க்காரர்கள் இதை ‘நெடுஞ்சாலை’ என்றே சொல்வார்கள். இன்னும் தெம்பிருந்தால் கான்டோ தெல் டோல்மோ என்ற தனிப் பெரும்பாறை வரை நடந்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். பெட்ரிசாவை முழுதாகச் சுற்றிவரும் வட்டப்பாதை 20 கிலோமீட்டர் அளவில் இருக்கும். சமதரையில் அந்தத் தூரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும். இங்கே பொழுது விடிந்து சாயும்வரை ஆகும். முதல் பயணத்தில் அதைத் தொடாதீர்கள்.

கைப்பேசிச் சமிக்ஞை பள்ளங்களில் போய்விடும். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112. கடைசியாகத் தாண்டிய இடத்தின் பெயர், கைப்பேசி காட்டும் அமைவிட எண்கள், அடிபட்டவரால் நிற்க முடிகிறதா என்பது, இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள். பிறகு இடத்தை விட்டு நகராதீர்கள்.

தண்ணீர், வெயில், பனி

ஜூலையிலும் ஆகஸ்டிலும் பாறை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவைத்து உங்கள்மேல் வீசும். மேலே போனால் நிழல் கிடையாது. ஓடை வற்றியிருக்கலாம். ஓடினாலும் காட்டு ஆடுகள் திரியும் ஓடை அது, அப்படியே குடிக்கக் கூடாது. கோடையில் ஆளுக்கு மூன்று லிட்டர், குளிர்காலத்தில் ஒன்றரை லிட்டர் எடுத்துப் போங்கள். விடியும்போது கிளம்பி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். மலை உச்சியில் மேகம் திரளத் தொடங்கினால் திரும்புங்கள், பிற்பகலில் இடி வரும். டிசம்பரில் நிலைமை நேர்மாறு. ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வடக்குப் பக்க இடுக்குகளில் உறைபனி கிடக்கும். தலைவிளக்கு இல்லாமல் போகக் கூடாது.

மன்சனாரெஸ் ஆற்றின் பச்சை மடு படங்களில் நீச்சல்குளம்போலத் தெரிவதால் துண்டோடு வருகிறார்கள். பூங்காவுக்குள் ஆற்றில் குளிப்பதற்குத் தடை உண்டு, அபராதமும் உண்டு. ஊருக்குக் கீழே உள்ள சான்டில்யானா நீர்த்தேக்கத்திலும் இறங்கக் கூடாது. கூடாரம் அடிப்பது, நெருப்பு மூட்டுவது, ட்ரோன் பறக்கவிடுவது எதுவும் முடியாது.

காட்டு ஆடுகள் பயமில்லாமல் பக்கத்தில் வரும். 1990 வாக்கில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகியவை. தீனி போட்டால் அடுத்தவர் பையைக் கிழிக்கப் பழகிவிடும். குளிர்கால முடிவில் பைன் மரத்தடியில் வரிசையாக ஊரும் கம்பளிப்புழுக்களிடம் குழந்தைகளையும் நாய்களையும் விடாதீர்கள். அவற்றின் ரோமம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். நாய் முகர்ந்தால் நாக்கு வீங்கி உயிருக்கே ஆபத்து.

கோட்டையைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது

மலையிலிருந்து இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கோட்டை கிடைக்காது. திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாளிலும் மாலைக்குள் அடைத்துவிடுவார்கள், கடைசி நுழைவு அதற்கும் முன்னால். கோடையானால் அதிகாலை மலை, பிற்பகல் கோட்டை. குளிர்காலமானால் காலையில் கோட்டை, பிறகு மலைவிடுதி வரை மட்டும் நடை.

நடுவில் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடாதீர்கள். உணவகச் சமையலறை நான்கு மணிக்கு மூடினால் இரவு எட்டரைக்குத்தான் திறக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் அவரை, பருப்புக் குழம்பு என்று பெயரைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம், பன்றித் துண்டு போட்டே கொதிக்கவைப்பார்கள். ‘சின் கார்னே’ என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி வேண்டாம் என்றுதான் அதற்குப் பொருள், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான ஹமோனை அதில் சேர்க்காதவர்கள் உண்டு. ‘சின் ஹமோன், சின் கால்தோ தெ கார்னே’ (ஹமோன் வேண்டாம், இறைச்சிச் சாறு வேண்டாம்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோட்டையைப் போர்க்கோட்டையாக நினைத்துப் பார்க்கிறவர்கள் அதன் சிறப்பைத் தவறவிடுகிறார்கள். 1475இல் இன்ஃபன்டாடோவின் முதல் கோமகன் தியேகோ உர்தாதோ தெ மெந்தோசா தொடங்கிய கட்டடம் இது. தன் குலத்தின் செல்வாக்கைக் காட்டும் அரண்மனை. பின்னர் பொறுப்பேற்றவர் ஹுவான் குவாஸ், டொலேடோவின் சான் ஹுவான் தெ லோஸ் ரெயெஸ் மடத்தைக் கட்டிய அதே கைத்திறன். கோபுரங்களின் மேல்பாகத்தில் வரிசையாகப் புடைத்து நிற்கும் கல் உருண்டைகளைக் கவனியுங்கள். மலையில் இயற்கை உருட்டிய அதே கல்லை இங்கே உளி உருட்டியிருக்கிறது. அறைகளில் உள்ள மரச்சாமான்கள் பிற்காலத்தவை. நேரம் குறைவாக இருந்தால் அவற்றை வேகமாகக் கடந்து, தெற்குப் பக்கத்து மேல்மாடக் காட்சிக்கூடத்துக்குப் போங்கள். கல்லில் சரிகைபோலக் குடைந்த வளைவுகளின் வழியே நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். அங்கிருந்து மதில் நடையைச் சுற்றி வடக்குப் பக்கம் வந்தால், காலையில் நடந்த பாறைகளும் அவற்றுக்கு மேல் யெல்மோவும் நேர் எதிரே நிற்கும்.