மிளகாய், தக்காளி இலை மஞ்சளாகிறதா? உரம் போடும் முன் இதைப் பாருங்கள்

மாடித்தோட்டம் ஆரம்பித்த முதல் வருடம், ஒரு மிளகாய்ச் செடியில் அடி இலைகள் மஞ்சளாயின. சத்துக் குறைவு என்று நானே முடிவு செய்துகொண்டு கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். நான்கு நாளில் மாற்றம் இல்லை, மண்புழு உரம் வைத்தேன். அதற்கும் அசையவில்லை என்றதும் 19:19:19 என்ற ரசாயன உரத்தைக் கலந்து விட்டேன். பத்தாவது நாள் செடியில் குச்சிதான் மிச்சம். பையைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடியில் இருந்த ஓட்டைகள் அடைத்துக்கொண்டு, வேரெல்லாம் பழுப்பாக அழுகி, சாக்கடை வாடை வந்தது. செடிக்குப் பசி இல்லை, மூச்சுதான் முட்டியிருக்கிறது. நான் சோற்றுக்கு மேல் சோறாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இலை மஞ்சளானால் என்ன உரம் போடலாம் என்றுதான் புதிதாகத் தொடங்கும் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாதிச் சிக்கல் அதிலேயே பிடிபட்டுவிடும். மிளகாய், தக்காளி, கத்தரி, கறிவேப்பிலை நான்கும் என் மாடியில் இருக்கின்றன. அவற்றை வைத்தே சொல்கிறேன்.

படி 1: விரலை மண்ணுக்குள் விடுங்கள்

இரண்டு கணு ஆழம் வரை ஆள்காட்டி விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தாலும் உள்ளே சொதசொதவென்று இருக்கலாம். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலந்த பைகளில் இது அடிக்கடி நடக்கும். விரலில் ஈரமாக மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பையைக் கொஞ்சம் சாய்த்து அடி ஓட்டைகளை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

செடி தொங்கிப்போயிருந்தால் உடனே தண்ணீர் ஊற்ற ஓட வேண்டாம். மே மாத மதிய வெயிலில், வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை இழக்கும். அதனால் நல்ல செடியும் வாடும். மாலை ஆறு மணிக்கு மறுபடி போய்ப் பாருங்கள். தானாக நிமிர்ந்திருந்தால் கவலையில்லை. மண் ஈரமாக இருந்தும் மாலையிலும் காலையிலும் தொங்கினால் வேரில்தான் கோளாறு. வேர் சரியாகும்வரை எந்த உரமும் உள்ளே போகாது.

படி 2: பழைய இலையா, புது இலையா?

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சோறு குறைந்தால் அம்மா தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாள் அல்லவா? செடியும் அப்படித்தான். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றை அடி இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் முதலில் அடி இலைதான் பாதிக்கப்படும்.

இரும்பு, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), போரான் போன்றவை ஒரு இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். பழைய இலையிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே இவை குறைந்தால் கொழுந்துதான் முதலில் அடி வாங்கும். அடி இலை மஞ்சளுக்கும் கொழுந்து மஞ்சளுக்கும் வைத்தியம் ஒன்றாக இருக்க முடியாது.

நன்றாகக் காய்க்கும் செடியில், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் இரண்டு மூன்று இலைகள் மட்டும் பழுத்து உதிர்வது இயல்பு. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

படி 3: இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்

காலை வெயிலை நோக்கி இலையைத் தூக்கிப் பிடித்தால் நரம்புகள் தெளிவாகத் தெரியும்.

அடி இலை நரம்பு உட்பட முழுசும் சீராக வெளிறி, செடியும் வளராமல் நின்றிருந்தால் தழைச்சத்துக் குறைவு. கடலைப் புண்ணாக்கைப் புளிக்கவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றலாம், அல்லது பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வைக்கலாம்.

அடி இலையில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகி மீன்முள் போலத் தெரிந்தால் மக்னீசியக் குறைவு. தக்காளி காய்க்கத் தொடங்கும்போது இது நிறைய வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். சாம்பல்சத்து அதிகமானாலும் மக்னீசியம் உள்ளே போவது தடைப்படும். வாழைப்பழத் தோல் கரைசலும் சாம்பலும் வாராவாரம் போடுபவர்கள் அதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்.

அடி இலையின் ஓரம் தீய்ந்தது போல் ஆனால் சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம், உப்பு ஏறியதாகவும் இருக்கலாம். பையின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உப்பு, அதாவது உரம் கூடிப்போயிருக்கிறது. அடியில் தண்ணீர் நன்றாக வழிந்தோடும்வரை நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றி அலசிவிடுங்கள். கழுவாத கோகோபீட்டாலும் இது வரும்.

தக்காளி நாற்றில் இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாவது மணிச்சத்துக் குறைவின் அடையாளம். மார்கழிக் குளிரிலும் இப்படி ஆகும், வெயில் ஏறினால் போய்விடும்.

அடுத்தது கொழுந்து. அடி இலைகள் பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் வெளிறி, மெல்லிய பச்சை வலை விரித்தது போல் நரம்புகள் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் கறிவேப்பிலைக்கு இது வராமல் இருப்பதுதான் அபூர்வம். உங்கள் வீட்டுக் குழாய் முனையிலும் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்திலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா? அதே சுண்ணாம்புதான் தினமும் தொட்டிக்குள்ளும் இறங்குகிறது. மண்ணில் காரத்தன்மை ஏற ஏற, இரும்பு அங்கேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. பூட்டிய பெட்டிக்குள் பணம் இருப்பது போலத்தான். அதனால் பழைய ஆணியைப் புதைப்பதால் பயன் இல்லை. மண்ணில் போடும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) அதே பூட்டுக்குள்தான் போகும்.

உடனடியாக வேண்டுமானால் இலைவழியாகக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, அரை எலுமிச்சைச் சாறு. கலந்தவுடன் தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் கரைசல் துருவாகிவிடும். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குத் தெளியுங்கள். சுவரிலும் தரையிலும் பட்டால் கறை போகாது. நீண்ட நாள் தீர்வு மண்ணில் புளிப்பைக் கூட்டுவதுதான். வீட்டுப் பெரியவர்கள் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவதில் இந்த நியாயம் இருக்கிறது. முடிந்தால் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். என் கறிவேப்பிலை ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் யாரும் ஒன்றும் செய்யாமலே கரும்பச்சையாகிவிடுகிறது.

இலை விஷயம் இல்லை என்றாலும் தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துப்போவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. பெரும்பாலும் காரணம் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான். முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. எப்சம் உப்பு போட்டால் இன்னும் மோசமாகும், மக்னீசியம் சுண்ணாம்புச்சத்தோடு போட்டி போடும். தினமும் ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்றி, மண்ணின் மேல் சருகு மூடாக்குப் போடுங்கள்.

படி 4: இலையைத் திருப்புங்கள்

மிளகாய் இலை சுருண்டால் அது பெரும்பாலும் சத்துக் குறைவே இல்லை. எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி எழுந்து படகு போல ஆனால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்கள். ஊசிமுனை அளவில் வெளிர்மஞ்சளாகச் சில கோடுகள் தாளில் ஊர்ந்து ஓடும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பே அரித்தது.

படகைக் கவிழ்த்த மாதிரி ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, இலை குறுகி, காம்பு மட்டும் நீண்டு, தொட்டால் மொரமொரப்பாக இருந்தால் சிலந்திப்பேன். மிளகாயில் வரும் வகை கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. தாளில் ஒன்றும் விழவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டுக்கும் தொடக்கத்தில், இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரையும் அளவு காதி சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது வேண்டும்.

இலைகள் சிறுத்து, மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, செடி கொத்தாகக் குறுகி நின்று, தட்டினால் வெள்ளை ஈ பறந்தால் அது வைரஸ். மருந்து கிடையாது. மனது கேட்காதுதான், ஆனாலும் பிடுங்கி உறை போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். விட்டுவைத்தால் வெள்ளை ஈ பக்கத்துச் செடிக்கும் கொண்டுபோகும்.

படி 5: ஒரே ஒரு மாற்றம், ஒரு துண்டு நூல்

காரணம் தெரிந்த பிறகு ஒரே ஒரு வைத்தியம் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது கேட்டது என்று தெரியாது. அன்றைக்கு இருக்கும் கடைசிக் கொழுந்துக்குக் கீழே ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு, தேதியைப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள். காய்ந்த ஓரமும் சுருண்ட இலையும் பழையபடி ஆகாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஏழிலிருந்து பத்து நாள் கழித்து நூலுக்கு மேலே வந்திருக்கும் இலைகளை மட்டும் பாருங்கள். அவை நல்ல நிறத்தில் விரிந்திருந்தால் சரியான காரணத்தைப் பிடித்துவிட்டீர்கள். இல்லையென்றால் மறுபடி படி 1, விரலிலிருந்து.

அதுவரை கெட்ட இலைகளை மொத்தமாகக் கிள்ளிப் போடாதீர்கள். பாதி பச்சை இருக்கும் இலைகூடச் செடிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மேலே நான்கைந்து புது இலை வந்த பிறகு, முழுசாகக் காய்ந்ததை மட்டும் எடுத்தால் போதும்.