பழைய காரா, புது மாடலா? இரண்டையும் மலை ஏற்றிப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் 2013 மாடல் ஒன்று, 2020 மாடல் ஒன்று, எதை எடுப்பது என்று யோசித்தால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகம். சொந்த காருக்குப் பதிவு 15 வருடம்தான், 2013 வண்டிக்கு 2028இல் முடிந்துவிடும், அப்புறம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் அந்தச் செலவையும் இப்போதே விலையில் கழித்துப் பேசுங்கள். ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் பழையதில் இருக்குமா என்பது வேரியண்ட்டைப் பொறுத்தது, அதாவது அந்த மாடலில் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

ரிங் ரோட்டில் எல்லா வண்டியும் நல்லாத்தான் போகும். மச்சானுக்குப் பார்த்தபோது நாங்கள் இரண்டையும் அழகர்கோவிலுக்குக் கொண்டுபோய், உச்சி வெயிலில் ஏ.சி. போட்டு, நாலு பேர் உட்கார்ந்து சோலைமலைப் பாதையில் ஏற்றினோம். பழையதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது. கூட வந்த புரோக்கர் மெதுவாக, “ஏ.சி.யை ஆஃப் பண்ணுங்கண்ணே” என்றார். அங்கேயே விடை கிடைத்துவிட்டது!

புதியது என்பதற்காக அதையும் நம்பிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1523 என்றால் 2023இன் 15ஆவது வாரத்தில் தயாரானது. 2020 வண்டி, இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், ஆனால் நாலு டயரிலும் கடைசி இரண்டு இலக்கம் 23 என்று இருக்கிறது என்றால், அவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு நாலு டயரையும் ஏன் மாற்றினார்கள்? சர்வீஸ் பில்லைக் கேட்டு வாங்கி மீட்டர் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.