ஹெப்படைட்டிஸ் சி: ஒரு நோயாளரைக் குணமாகும்வரை ஒரே எக்செல் தாளில் பின்தொடர்வது

ஹெப்படைட்டிஸ் சி ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய். கிளினிக்கில் இந்த நோயாளரைப் பின்தொடரப் புது மென்பொருள் தேட வேண்டாம். கடவுச்சொல் போட்ட எக்செல் தாளே நல்லது. ஆளுக்கு ஒரு வரி. திகதி நிரல்கள்: அன்டிபொடி (வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருளைப் பார்க்கும் சோதனை), பிசிஆர் (இரத்தத்தில் வைரஸே இப்போது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை), முதல் குளிசை, கடைசிக் குளிசை, இறுதிப் பிசிஆர்.

1. ஆளை அடையாளம் காணல். பெயரை நம்ப வேண்டாம், ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணின் முன்னால் 19, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் 0 சேர்த்து, எழுத்தை நீக்கினால் 12 இலக்கப் புதிய எண் வரும். எல்லோருக்கும் அதையே பதியுங்கள். வீட்டில் இன்னொருவரின் தொலைபேசி எண்ணை நோயாளரின் சம்மதத்தோடு வாங்குங்கள். அழைக்கும்போது நோயின் பெயரைச் சொல்லக்கூடாது.

2. அன்டிபொடியிலிருந்து பிசிஆர். அன்டிபொடி பொசிட்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். 15 முதல் 45 வீதமானோருக்கு மருந்தின்றியே நீங்கிவிடும். முடிந்தால் அதே வருகையில் பிசிஆர் இரத்தத்தையும் எடுங்கள். வாகரை, பொத்துவில் போன்ற தூர ஊர்களிலிருந்து வருபவரை மறுபடி வரச்சொன்னால் ஒருநாள் கூலி போகும், ஆளும் வராமல் போவார்.

3. மருந்துக்கு முன். ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். சி அடங்கும்போது பி கிளம்பலாம். ஈரல் சுருக்கம் இருக்கிறதா என்று வைத்தியர் மதிப்பிட, ஏஎஸ்டி (ஈரல் நொதி), இரத்தத் தட்டு எண்ணிக்கை இரண்டையும் பதியுங்கள். அமியோடரோன், ரிஃபாம்பிசின், ஃபெனிட்டோயின், கார்பமசெப்பின் ஆகியவை ஹெப்படைட்டிஸ் சி மருந்தோடு ஒத்துப்போகாதவை; அவற்றை எடுப்பவரின் வரியைச் சிவப்பாக்கி வைத்தியரிடம் காட்டுங்கள்.

4. பெரும்பாலும் பிழை நடக்கும் இடம். மருந்து: சோஃபொஸ்புவிர் 400 மி.கி., டக்லாடஸ்விர் 60 மி.கி., தினமும் ஒருமுறை, 12 வாரம். ஈரல் சுருக்கம் இருந்தால் காலத்தை வைத்தியர் நீட்டுவார். போத்தலில் 28 குளிசை. கிளினிக் நாளை "அடுத்த மாதம் இதே திகதி" என்று போட்டால் இரண்டு மூன்று நாள் குளிசை இராது. அதனால் 25ஆம் நாளுக்கே அழையுங்கள். நெல் வெட்டுக் காலத்தில் வயல் வாடியில் (குடிசையில்) தங்குபவருக்கு, வைத்தியர் ஒப்பினால், இரண்டு போத்தல் கொடுப்பது மேல்.

கடைசிக் குளிசை நாள் = முதல் நாள் + 83. இது கணக்குத்தான். உண்மையில் எப்போது முடிந்தது என்று கேட்டு, போத்தலைப் பார்த்து மாற்றுங்கள்.

5. குணமானதா? உண்மையான கடைசிக் குளிசை நாளோடு 84 கூட்டினால் இறுதிப் பிசிஆர் நாள். அதற்கு முன்னர் எடுத்த நெகட்டிவைக் குணம் என்று பதிய வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: குணமானவருக்கு வேறிடத்தில் அன்டிபொடி பார்த்து "நோய் திரும்பிவிட்டது" என்று பயமுறுத்துகிறார்கள். அன்டிபொடி பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பொசிட்டிவாகவே இருக்கும்; மறுதொற்றைப் பிசிஆர்தான் காட்டும். இதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஈரல் சுருக்கம் உள்ளவரின் வரியை மூடவே வேண்டாம்: ஈரல் புற்றுநோயைப் பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடரவேண்டும்.