நிழலைப் பிடித்துக்கொண்டு ஓவியம் பாருங்கள்

ஐரோப்பிய ஓவியம் அகாடமி மரபிலிருந்து (கலைக்கழகங்கள் கற்றுக்கொடுத்த வழுவழுப்பான பாணி) எக்ஸ்பிரஷனிசத்துக்கு (கண்ணில் படுவதைவிட மனதின் உணர்ச்சியை வரையும் பாணி) எப்படி வந்தது என்று என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கேட்டால், நான் இயக்கங்களின் பெயர்களில் ஆரம்பிப்பதில்லை. ஒரு அஞ்சலட்டையின் நடுவில் மிளகு அளவுக்கு ஓட்டை போடச் சொல்வேன். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே சொல்லும் படங்களைத் திரையில் பெரிதாகத் திறந்து, நிழல் விழுந்த இடத்தின் மேல் ஓட்டையை வையுங்கள். சுற்றியிருப்பது மறைந்தால்தான் அந்த நிறம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் கபனெல் 1863இல் வரைந்த 'வீனஸின் பிறப்பு'. பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாம் நெப்போலியன் விலைகொடுத்து வாங்கிய படம். வீனஸின் இடுப்பருகே அட்டையை மெதுவாக நகர்த்துங்கள். வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. தூரிகை போன தடமும் இல்லை. பிளாஸ்டர் சிலைகளை வைத்து வரைந்து வரைந்து அகாடமி மாணவர்கள் பழகியது இதைத்தான். அங்கே நிழலின் வேலை உடம்பைத் திரட்டிக் காட்டுவது மட்டுமே. இந்தப் படத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். இந்த வழுவழுப்பு கண்ணில் பதிந்தால்தான் பின்னால் வந்தவர்கள் எதை உடைத்தார்கள் என்று புரியும்.

அடுத்து, அதே ஓர்சேயில் மோனேயின் 'மேக்பை'. 1868-69 குளிர்காலத்தில் வரைந்தது. பனி மூடிய தோட்டம், ஒரு வேலி, படலின் மேல் ஒரு கருப்பு வெள்ளைப் பறவை. வேலியின் நிழலில் ஓட்டையை வையுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி அட்டையை எடுத்துவிட்டு, திரும்ப வைத்துப் பார்த்து, "அக்கா, இது நீலம்!" என்று கத்திவிட்டாள். ஆமாம், நீலம்தான். வெயில் படாத பனியில் வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுகிறது. அறைக்குள் உட்கார்ந்து வரைகிறவருக்கு அது தெரியாது. 1841இல் தகரக் குழாயில் அடைத்த வண்ணம் வந்த பிறகு, வெளியே போய் வரைவது எளிதாகியிருந்தது. அகாடமி பாணியை ஆதரித்த அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான பாரிஸ் சலோன் 1869இல் இந்தப் படத்தை நிராகரித்தது. நிழலுக்கு நிறம் உண்டு என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பிரான்ஸின் ஓவேர் கிராமத்துத் தேவாலயத்தை வான்கோ 1890 ஜூனில் வரைந்த படத்தில் அந்த நிறம் இன்னும் முற்றுகிறது. கட்டடம் ஊதா, வானம் அடர்ந்த கோபால்ட் நீலம், கூரைக் கோடுகள் நெளிகின்றன.

இப்போது அட்டையை ஓரமாக வைத்துவிடுங்கள். மூங்க் வரைந்த 'பருவம்' (1894-95) ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டில் ஓரத்தில் ஆடையில்லாமல் ஒரு சிறுமி, மடியின் மேல் கைகளைக் குறுக்கே வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவரில் பெரிய கரிய நிழல். அதை உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள்: கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். சரி, கையை எடுங்கள். அந்த நிழல் அவள் உடம்பின் வடிவத்தில் இல்லை. அவளிடமிருந்து எழுந்து, அவளைவிடக் கனமாக நிற்கிறது. வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்ட நிழல் இல்லை இது, பயத்திலிருந்து வந்தது. எக்ஸ்பிரஷனிசத்தின் வாசல் எனக்கு இந்தச் சுவர்தான். மூங்க்கின் புகழ்பெற்ற 'அலறல்' படத்தைவிட இதையே முதலில் காட்டுவேன்.

மத்தீஸ் 1905இல் தன் மனைவியின் முகத்தில், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில், நெற்றியிலிருந்து நேராக ஒரு பச்சைப் பட்டை இழுத்தார். அதே ஆண்டு டிரெஸ்டனில் நான்கு கட்டடக்கலை மாணவர்கள் 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கிர்ஷ்னர். அவருடைய 'தெரு, டிரெஸ்டன்' (1908) நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அஞ்சலட்டையை மறுபடி எடுங்கள். தரை முழுக்க இளஞ்சிவப்பு, நடுவில் பெரிய தொப்பி போட்ட ஒரு சிறுமி. அவள் மேல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று தேடுங்கள். நான் எத்தனையோ முறை தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.