எழுத்தாளர் கூட்டத்தில் முதல் உரை: நடுக்கம் குறைய நான் செய்தவை

பத்து நிமிட உரைக்கு 800 சொல் போதும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல்தான் வரும். மிச்சம் வணக்கத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீருக்கும்.

எனக்கு அதிகம் உதவியது வாக்கியங்களை வெட்டியதுதான். வந்து, பார்த்து, யோசித்து என்று நீளும் தொடர் அச்சில் அழகாக இருக்கும். மேடையில் மூச்சு வாங்கும். வினைமுற்று கடைசியில் வருவதால் கேட்பவரும் அதுவரை காத்திருக்க வேண்டும். பாதியில் தொலைந்துவிடுவார். ஒரே மூச்சில் வாசிக்க முடியாததை இரண்டாக்குங்கள். உரையில் உங்கள் கதையை வாசிப்பதானால் அதன் மூலத்தைத் தொட வேண்டாம், வாசிப்புக்குத் தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதை 16 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு புறம் மட்டும் அச்சிடுங்கள். தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெற்றாக விடுங்கள். கண் கீழே இறங்கினால் தலை குனியும், குரல் மைக்கை விட்டு விலகும். பக்க எண் கட்டாயம். மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கெட்டி அட்டையில் வைத்துப் பிடியுங்கள்.

முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் தவறினால் அடுத்தது வராது. முதல் மூன்று வாக்கியமும் கடைசி வாக்கியமும் போதும்.

மைக் வாய்க்கு நேராக, மிக அருகில் இருந்தால் 'ப' ஒலி வெடிக்கும். சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

முன்னால் பேசுபவர்கள் நேரம் தாண்டுவது நம் கூட்டங்களில் சகஜம். "ஐந்து நிமிஷத்துல முடிங்க" என்று சீட்டு வரும். எந்தப் பத்திகளை விடுவது என்று ஓரத்தில் பென்சிலால் முன்பே குறித்துவையுங்கள்.